பயங்கரவாத ஆய்வில் கணித மாதிரியுருக்கள்: மாத்தளை அனுபவத்தை உரைகல்லாகக் கொண்ட ஒரு திறனாய்வு

1. முன்னுரை

அரசியல் வன்முறையையும் அதனை அடக்குதற்கு அரசுகள் மேற்கொள்ளும் நடவடிக்கைகளையும் கணிதக் குறியீடுகளின் துணைகொண்டு ஆராயும் முயற்சி மேனாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒரு தனித்துறையாக வளர்ந்துள்ளது. போர்களின் எண்ணிக்கையையும் அவற்றில் மாண்டோரின் தொகையையும் புள்ளிவிபர நோக்கிற் தொகுத்த லூயிஸ் றிச்சாட்சனின் நூலும், முரண்பாட்டினை உபாயங்களின் மோதலாக விளக்கிய தோமஸ் ஷெலிங்கின் நூலும் 1960ஆம் ஆண்டில் வெளிவந்தன. பயங்கரவாதத்தையே நேரடிப் பொருளாகக் கொண்ட கோட்பாட்டு மாதிரியுருக்கள் 1980களில் ரொட் சாண்ட்லர் முதலியோரால் முன்வைக்கப்பட்டன. 2001 செப்டெம்பர் நிகழ்வுகளின் பின்னர் இத்துறை பெருகிற்று.

இவ்வாய்வுகள் நமக்குத் தொலைவானவை எனச் சிலர் கருதக்கூடும். ஆயின் 1979ஆம் ஆண்டு தொட்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வாழ்ந்து வந்த ஒரு நாட்டின் ஆய்வாளர், அத்தகைய சட்டங்களுக்கு நியாயம் கற்பிக்கவும் அவற்றை மறுக்கவும் பயன்படும் தருக்க முறையினைப் புறக்கணித்தல் தகாது. இக்கட்டுரையில் நாம் இம்மாதிரியுருக்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, மாத்தளை மாவட்டத்தின், குறிப்பாகப் பல்லேபொல போன்ற அதன் கிராமியப் பகுதிகளின், வரலாற்று அனுபவத்தை உரைகல்லாகக் கொண்டு மதிப்பிட முனைகின்றோம்.

மாத்தளையைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. தமிழ் வாசகர் பயங்கரவாதம், எதிர்ப் பயங்கரவாதம் என்னும் சொற்களைக் கேட்டதும் வடக்கினையும் கிழக்கினையுமே நினைப்பர். மாத்தளையோ 1848இன் கிளர்ச்சியையும், 1971, 1987-89 ஆகிய காலங்களின் இளைஞர் எழுச்சிகளையும், இனப்போர்க் காலத்துக் குண்டுவெடிப்பினையும் ஒருங்கே கண்ட நிலம். தம்புள்ளைக்கும் மாத்தளை நகருக்கும் இடைப்பட்டு, நெல்வயலும் தென்னையும் மிளகும் சூழக் கிடக்கும் பல்லேபொல, மாவட்டத்தின் பதினொரு பிரதேச செயலாளர் பிரிவுகளுள் ஒன்று. தலைநகரில் வகுக்கப்படும் பாதுகாப்புக் கொள்கை இறுதியில் வந்து சேருமிடம் இத்தகைய ஊர்களே.

2. மாதிரியுரு என்பது யாது?

கணித மாதிரியுரு என்பது மெய்ம்மையின் பிரதியன்று. குறித்த சில எடுகோள்களை வெளிப்படையாக வைத்து, அவற்றிலிருந்து எம்முடிவுகள் தவிர்க்கவியலாது பிறக்கும் என ஆராயும் கருவியே அது. ஆட்டக் கோட்பாட்டு மாதிரியுருவில் மூன்று கூறுகள் உள: ஆட்டக்காரர் யாவர், ஒவ்வொருவருக்கும் எவ்வெச் செயல்கள் இயலும், ஒவ்வொரு விளைவும் அவர்க்குத் தரும் பயன் எத்துணை. இவற்றோடு யாருக்கு எத்தகவல் தெரியும் என்பதும் சேரும்.

இம்முறைக்கு எதிராக வழக்கமாகக் கூறப்படும் குற்றச்சாட்டு, மனித வேதனையை எண்ணாக்குவது இழிவு என்பதாகும். இதனை நாம் முழுமையாக ஏற்கவில்லை. எண்ணாக்காத கொள்கையும் ஒரு கணக்கின் மீதே நிற்கின்றது. அக்கணக்கு எழுதப்படாதிருப்பதனால் அதனை எவரும் சரிபார்க்க இயலாது போகின்றது. எனவே நாம் கேட்க வேண்டிய வினா, மாதிரியுரு வேண்டுமா என்பதன்று; எம்மாதிரியுரு, எதனை உள்ளடக்கி எதனை விலக்குகின்றது என்பதே.

3. எழுதப்படாத மாதிரியுரு

1979 யூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேறியது. மும்மாத ஆணைகளாகப் பதினெட்டு மாதம் வரை ஒருவரை விளக்கமின்றித் தடுத்து வைக்க அது இடமளித்தது; உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அவருக்கு மேற்பட்ட அதிகாரி முன் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்றது. அதே மாதத்தில் சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தன, பிரிகேடியர் வீரதுங்கவை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி, அவ்வாண்டு டிசெம்பர் 31ஆம் திகதிக்கு முன் பயங்கரவாதத்தை ஒழிக்குமாறு பணித்தார்.

இப்பணிப்பில் ஒரு மாதிரியுரு பொதிந்துள்ளது. ஆயுதமேந்தியோரின் தொகை ஒரு நிலையான எண். ஒவ்வொரு கைதும் அதில் ஒன்றைக் குறைக்கும். கடுமை மிகுந்தோறும் குறைவு விரையும். ஆகவே கால எல்லை விதித்தல் இயலும். இவ்வாறு எழுதிக் காட்டியவுடன் அதன் பலவீனம் புலனாகின்றது. தொகை நிலையானது என்ற எடுகோளுக்கு ஆதாரம் யாதும் இல்லை. தற்காலிக ஏற்பாடாக மூன்றாண்டுக்கென வந்த சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டமையே அக்கணக்குப் பிழைத்ததை அரசு தன் செயலால் ஒப்புக்கொண்டமைக்குச் சான்றாகும். 1983இன் பின்னர் வடக்கிற் பெருகிய ஆயுத இயக்கங்களின் ஆட்பலம் அதனை மேலும் உறுதிசெய்தது.

தொகையை நிலையானதாகக் கொள்ளாது, அரசின் செயலோடு மாறுவதாகக் கொள்ளும் மாதிரியுருக்களை ஈதன் புவெனோ டி மெஸ்கிற்றாவும் எரிக் டிக்சனும் 2007இல் முன்வைத்தனர். சிறு ஆயுதக்குழு ஒன்று வேண்டுமென்றே அரசைச் சினமூட்டுகின்றது. அரசு பொதுமக்களையும் சேர்த்துத் தாக்கினால், மக்கள் அவ்வரசின் இயல்பு பற்றிய தம் மதிப்பீட்டைத் திருத்திக்கொண்டு குழுவின் பக்கம் சாய்கின்றனர். இங்கு அரசின் கடுமை ஒரு செய்தியாகவும் தொழிற்படுகின்றது என்பதே இவ்வாய்வின் புதுமை. அரசிடம் கடுமை தவிர வேறு வழி இருந்ததா என்பதை மக்கள் அறிவராயின், கடுமையைத் தெரிந்த அரசினைப் பற்றி அவர் கொள்ளும் முடிவு இன்னும் பாதகமானதாகும்.

4. 1848: ஒரு முன்னோடி நிகழ்வு

இவ்வாதத்தைச் சோதிக்க நாம் முதலில் 1848இன் மாத்தளைக் கிளர்ச்சியை நோக்குதல் பொருந்தும். துப்பாக்கி, நாய், கடை, வள்ளம் ஆகியவற்றின் மீது விதிக்கப்பட்ட வரிகளும், ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை அன்றேல் அதற்கீடான பணம் என்ற கட்டளைச் சட்டமும் கண்டி நாட்டுக் குடியானவரைச் சினமூட்டின. 1848 யூலை இறுதியில் கொங்காலேகொட பண்டா தம்புள்ளை விகாரையில் முடிசூட்டப்பட்டார். அவரைப் பின்பற்றியோர் தெற்கு நோக்கி வந்து மாத்தளையைத் தாக்கினர். தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கான அவ்வழியில் இன்றைய பல்லேபொலவின் அயற்புறமும் அடங்கும்.

தேசாதிபதி ரொறிங்ரன் பிரபு கண்டியில் யூலை 29ஆம் திகதி இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். கிளர்ச்சி சில நாட்களிலேயே முறிந்தது. எனினும் இராணுவச் சட்டம் ஒக்ரோபர் வரை நீடித்தது. புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். படைநீதிமன்றங்களின் தீர்ப்பின்படி பதினெண்மர் சுடப்பட்டனர். அவருள் ஒரு பௌத்த துறவி காவியுடையோடே சுடப்பட்டமை பெருங் கண்டனத்துக்குள்ளாயிற்று. பிரித்தானியப் படைத்தரப்பிலோ ஒரு வீரர் மாத்திரமே காயமுற்றார். கொங்காலேகொட பண்டா செப்டெம்பரிற் பிடிபட்டு, கசையடி பெற்று மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார். பிரித்தானியப் பொதுச்சபையின் தெரிகுழு விசாரணையின் விளைவாக 1850இல் ரொறிங்ரன் திருப்பி அழைக்கப்பட்டார்.

இந்நிகழ்வு சினமூட்டல் மாதிரியுருவோடு ஓரளவே பொருந்துகின்றது. அரசின் கடுமை மிகையாக இருந்தது. ஆயின் அதனால் கிளர்ச்சி பெருகவில்லை. குடியானவரை ஒன்றுதிரட்டி வைக்கும் நிலையான அமைப்பு எதுவும் இல்லாமையே இதற்குக் காரணம் எனலாம். மனக்குறை மட்டும் ஆட்சேர்ப்பாகாது. அதனை ஏற்று வழிநடத்த ஒரு அமைப்பு வேண்டும். அதேவேளை, அரசின் மிகைக்கடுமைக்கு விலை கொடுக்கப்பட்ட இடம் மாத்தளையன்று, இலண்டன் ஆகும். ஆட்டக்காரர் இருவர் எனக் கொள்ளும் மாதிரியுரு இம்மூன்றாம் அரங்கினைக் காணாது. மேலிருந்து கேள்வி கேட்கும் ஒரு மன்றம் உண்டாயின் அடக்குமுறையின் கணக்கே மாறும் என்பது 1848 தரும் பாடம்.

5. ஓர் எளிய கணக்கு

கைதுகளின் விளைவை ஆராய நாம் ஒரு கற்பனைப் பிரிவினை எடுத்துக்கொள்வோம். இதில் வரும் எண்கள் எந்த ஊரினதும் மெய்யான எண்கள் அல்ல. தருக்கத்தை விளக்குவதற்கு மாத்திரம் கொள்ளப்பட்டவை.

பிரிவில் இளைஞர் 10,000 பேர். அவருள் ஆயுத இயக்கத்தைச் சேர்ந்தோர் 100 பேர், அதாவது நூற்றுக்கொருவர். சந்தேக நபரைத் தெரியும் முறை உண்மையான உறுப்பினரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சரியாகப் பிடிக்கும். குற்றமற்றோரில் நூற்றுக்குப் பத்துப் பேரைத் தவறாகப் பிடிக்கும். கேட்பதற்கு இது நல்ல முறையாகவே தோன்றும். பிடிபடுவோர் யாவர்? உறுப்பினர் 90 பேர். குற்றமற்றோர் 9,900இல் பத்திலொரு பங்காகிய 990 பேர். மொத்தம் 1,080 பேர். ஆக, பிடிபட்ட பன்னிருவருள் ஒருவரே உறுப்பினர், பதினொருவர் அல்லர்.

அடுத்த படியாக, தவறாகப் பிடிக்கப்பட்டோரும் அவர்தம் உடன்பிறந்தாரும் நண்பரும் எதிர்கொள்ளும் நிலையை நோக்குவோம். தவறான பதினொரு கைதுகளால் ஒருவர் புதிதாக இயக்கத்திற் சேர்வாராயின், 990 கைதுகளால் 90 பேர் சேர்வர். அகற்றப்பட்டோரும் 90 பேரே. அதாவது இயக்கம் பழைய அளவிலேயே நிற்கும். பதினொன்றுக்கு ஒன்றைவிடச் சேர்க்கை மிகின் இயக்கம் வளரும்.

இப்போது அரசு இருவழிகளுள் ஒன்றைத் தெரியலாம். வலையை விரித்து, உறுப்பினர் நூறுபேரையும் பிடிக்கும் வண்ணம், குற்றமற்றோரில் நூற்றுக்கு இருபது பேரையும் சேர்த்துப் பிடிப்பது முதல்வழி. அதனால் மேலதிகமாக 10 உறுப்பினரும், மேலதிகமாக 990 குற்றமற்றோரும் பிடிபடுவர். ஏறத்தாழ இருபது தவறான கைதுகளுக்கு ஒரு புதிய சேர்க்கையே இயக்கத்தைச் சமநிலையில் வைக்கப் போதுமாகும். தகவலைத் திருத்தி, தவறான கைதினை நூற்றுக்கு இரண்டாகக் குறைப்பது மறுவழி. அப்போது தவறாகப் பிடிபடுவோர் 198 பேர். பதினொரு தவறான கைதுகளுக்கு ஐவர் வரை சேரினும் இயக்கம் வளராது. எனவே, இவ்வெடுகோள்களின் கீழ், தகவலின் தூய்மை கடுமையினும் பன்மடங்கு பயனுடையது என்பது கணக்கினாலேயே பெறப்படும்.

இம்முடிவு நம் சட்டங்களின் மீது நேரடியாகத் தாக்கம் உடையது. ஒப்புதல் வாக்குமூலம் தகவலாகும் நிலை யாது? குற்றவாளி அதனை வழங்கும் நிகழ்தகவு, குற்றமற்றவன் வழங்கும் நிகழ்தகவினும் மிக்கதாக இருத்தல் வேண்டும். நெடுந்தடுப்பும் துன்புறுத்தலும் இருவரையும் ஒருசேர ஒப்புக்கொள்ளச் செய்யுமாயின், வாக்குமூலத்தின் தகவற் பெறுமதி பூச்சியம் ஆகும். வாக்குமூலத்தை ஏற்கும் பிரிவு மனித உரிமை நோக்கில் மாத்திரமன்றி, புலனாய்வு நோக்கிலும் குறைபாடுடையது என்பதை மாதிரியுரு காட்டுகின்றது.

காட்டிக்கொடுப்போரின் தகவலும் அத்தகையதே. முகம் மறைத்து நின்று தலையசைத்தோரைத் தென்னிலங்கையில் ‘கோனி பில்லா’ என்றனர். வடபுலத்தில் ‘தலையாட்டி’ என்றனர். காணிப் பிணக்கும் குடும்பப் பகையும் உள்ள ஊரில், பெயரறியாச் சாட்சி அரசியல் தகவலோடு தனிப் பகையையும் கலந்தே தருவான். உள்நாட்டுப் போர்களில் வன்முறை நிகழும் முறை பற்றி ஸ்ராத்திஸ் கலிவாஸ் 2006இல் வெளியிட்ட நூல் இவ்வுண்மையைப் பல நாட்டுச் சான்றுகளால் நிறுவியுள்ளது.

6. 1989 எழுப்பும் வினா

மேற்கூறிய கணக்குக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதனைத் தவிர்த்துச் செல்லுதல் ஆய்வு நேர்மையாகாது. 1987 யூலை 29இன் இந்திய இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து தீவிரமடைந்த ஜனதா விமுக்தி பெரமுனவின் இரண்டாம் எழுச்சி, கண்மூடித்தனமான கடுமையினாலேயே அடக்கப்பட்டது. அவ்வியக்கம் அரசியற் பிரமுகரையும் தொழிற்சங்கத்தவரையும் தன் ஊரடங்கு ஆணைகளை மீறிய சாமானியரையும் கொன்றது. 1989 ஓகஸ்ட் அளவில் படையினரின் குடும்பத்தவருக்கும் மிரட்டல் விடுத்தது. அதன்பின் படையினரும் அவரைச் சார்ந்த மறைமுகக் குழுக்களும் நடத்திய வேட்டையில் மாத்தளையும் கண்டியும் தென்மாகாணமும் பேரழிவு கண்டன. நவம்பரில் ரோஹண விஜேவீர பிடிபட்டுக் கொல்லப்பட்டார். 1990இல் எழுச்சி முற்றாக ஓய்ந்தது. ஆயின் சினமூட்டல் மாதிரியுரு பொய்த்ததா?

ஆய்வாளர் சிலர் அடக்குமுறைக்கும் எதிர்ப்புக்கும் இடையிலான தொடர்பு நேர்கோடன்று, கவிழ்த்த வளைவு என்பர்: நடுத்தரமான கடுமை எதிர்ப்பை வளர்க்கும், எல்லை கடந்த கடுமை அதனை அழிக்கும். நம் கணக்கின் மொழியிற் கூறின், அச்சம் மிகுந்த நிலையில் புதிய சேர்க்கை பூச்சியத்தை அணுகும். சேர்வதற்கு இயக்கமே எஞ்சாத நிலையும் அதுவே. ஆகவே மாதிரியுரு பொய்க்கவில்லை. அதன் ஒரு மாறி வேறு பெறுமானம் எடுத்தது எனலாம்.

ஆனால் இவ்விளக்கத்தோடு நின்றுவிடுதல் பெரும் பிழையாகும். 1989ஐ ‘வெற்றி’ எனக் கொள்ளும் கணக்கில் 990 பேரின் பெறுமதி என்ன? அரசின் பயன் சார்பில் அவர்தம் உயிர் ஓர் உறுப்பாகவே இடம்பெறவில்லை. ஆயுதத்தோரின் தொகை குறைந்ததா என்பதொன்றே அளவுகோலாயின், தவறாகக் கொல்லப்பட்டோர் செலவுப் பத்தியிலும் வாரார். காணாமற்போனோர் பற்றி 1994இல் நியமிக்கப்பட்ட மூன்று பிரதேச ஆணைக்குழுக்களுள் ஒன்று மத்திய, வடமேல், வடமத்திய, ஊவா மாகாணங்களை விசாரித்தது. மூன்றும் சேர்ந்து 16,000க்கும் மேற்பட்டோர் காணாமற்போனமையை உறுதிசெய்தன. இத்தொகையை உள்ளடக்காத பயன் சார்பு, குடிமக்களின் அரசினது பயன் சார்பாகாது.

காலத்தின் அளவும் கவனிக்கத்தக்கது. 1971 ஏப்பிரல் எழுச்சியும் சில வாரங்களில் அடக்கப்பட்டு, ஏறத்தாழ 18,000 இளைஞர் தடுப்பில் வைக்கப்பட்டனர். அக்கால ஆய்வாளர் அதனை முடிந்த கதையாகக் கொண்டிருப்பின் 1987இல் வியப்படைந்திருப்பர். மாதிரியுரு எவ்வாண்டில் முடிவடைகின்றதோ அவ்வாண்டே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கின்றது. இன்னும் நீட்டி நோக்கின் கதை வேறாகின்றது. அதே இயக்கம் 1994இல் பாராளுமன்றப் பாதைக்கு மீண்டது. 2024 செப்டெம்பரில் அதன் தலைவரும், மாத்தளை மாவட்டத்தின் கலேவெலையிற் பிறந்தவருமாகிய அநுர குமார திசாநாயக்க சனாதிபதித் தேர்தலில் வென்றார். பயங்கரவாதி என்பதை மாறா இயல்பாகக் கொள்ளும் மாதிரியுருவில் இதற்கு இடமே இல்லை.

7. விட்டுக்கொடுத்தலும் மாற்றீடும்

விட்டுக்கொடுத்தல் பற்றியும் ஒரு மாதிரியுரு உண்டு. அரசு சலுகை அளிக்கும்போது மிதவாதிகள் ஏற்று விலகுவர். எஞ்சுவோர் தீவிரவாதிகளே ஆதலின் வன்முறை சிறிதுகாலம் மிகும். ஆயினும் விலகியோர் தரும் தகவலால் அரசு இறுதியில் வலுப்பெறும் என்பது புவெனோ டி மெஸ்கிற்றா 2005இற் கூறிய முடிவு. 1989 சனவரியில் சனாதிபதி பிரேமதாச அவசரகால நிலையை நீக்கித் தடுப்பிலிருந்த பலரை விடுவித்தார், வன்முறை தணியவில்லை, யூனில் அவசரகால நிலை மீண்டது. இதனைக் கொண்டு விட்டுக்கொடுத்தல் பயனற்றது என முடிவுகட்டுவோர் பலர். மாதிரியுருவோ, வன்முறையின் உடனடி ஏற்றம் விட்டுக்கொடுத்தலின் தோல்விக்குச் சான்றாகாது என எச்சரிக்கின்றது. ஐந்து மாதம் போதிய காலமா என்ற வினாவினை அது திறந்து வைக்கின்றது. இது மாதிரியுருவின் நற்பயன்களுள் ஒன்று.

மாற்றீடு பற்றிய ஆய்வுகள் இத்துறையின் மிக உறுதியான பேறு எனலாம். 1973இல் அமெரிக்க விமான நிலையங்களில் உலோகங்காண் கருவிகள் நிறுவப்பட்டபின் விமானக் கடத்தல் குறைந்தது. பிறவகை ஆட்கடத்தல்களோ மிகுந்தன என வோல்ற்றர் எண்டர்ஸ், சாண்ட்லர் ஆகியோர் 1993இல் காட்டினர். ஓரிடத்தைக் காப்பது தாக்குதலைப் பிறிதோரிடத்துக்குத் தள்ளுகின்றது. 2008 பெப்புருவரியில் தம்புள்ளையில் யாத்திரிகர் சென்ற பேருந்தில் வெடித்த குண்டு பதினெண்மருக்குக் குறையாதோரைக் கொன்றது. தலைநகரின் படைமுகாம்களும் அமைச்சுகளும் அரண் செய்யப்பட்ட காலத்தில், கிராமவாசிகளின் பேருந்துக்கு அரண் இருக்கவில்லை. பாதுகாப்பு யாருக்குப் பகிரப்படுகின்றது என்பது ஒரு நீதிப் பிரச்சினை என்பதை இம்மாதிரியுரு, தான் அவ்வாறு கருதாதிருப்பினும், வெளிப்படுத்துகின்றது.

8. அரசு ஓர் ஆட்டக்காரரா?

பெரும்பாலான மாதிரியுருக்கள் அரசினை ஒரே மனம் உடைய ஆட்டக்காரராகக் கொள்கின்றன. 2019 ஏப்பிரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் விடுதிகளிலும் நிகழ்ந்த தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்தியப் புலனாய்வினரின் எச்சரிக்கை ஏப்பிரல் 4ஆம் திகதியே இலங்கைப் புலனாய்வுத் தலைமையை எட்டியிருந்தது. 2018 ஒக்ரோபர் அரசியல் நெருக்கடியின் பின்னர் சனாதிபதியும் பிரதமரும் முரண்பட்டிருந்தனர். தேசிய பாதுகாப்புச் சபைக்குப் பிரதமர் அழைக்கப்படவில்லை. தகவல் இருந்தது; அதனைச் செயலாக்கும் ஒரு மனம் இருக்கவில்லை. முன்னாள் சனாதிபதியும் உயர் அதிகாரிகளும் கடமை தவறினர் என உயர் நீதிமன்றம் 2023 சனவரியில் தீர்ப்பளித்து, இழப்பீடு செலுத்துமாறு பணித்தது.

இதன் பின்விளைவு நம் ஐந்தாம் பகுதிக் கணக்கினை நினைவூட்டும். குறித்த சிலரைப் பற்றிய துல்லியமான தகவலைப் பயன்படுத்தத் தவறிய அரசு, பின்னர் ஒரு சமூகம் முழுவதன் மீதும் வலையை வீசியது. கப்பற் சுக்கான் பொறித்த உடையைத் தருமச் சக்கரம் பொறித்ததாகக் கொண்டு ஒரு முஸ்லிம் பெண் கைதுசெய்யப்பட்டமை, தவறான கைது எத்துணை எளிதாக நிகழும் என்பதைக் காட்டும். தமிழ் இளைஞரை நோக்கி 1979இல் வந்த சட்டம், 1980களின் பிற்பகுதியில் அவசரகால விதிகளோடு சேர்ந்து சிங்கள இளைஞர் மீதும், 2019இல் முஸ்லிம்கள் மீதும் பாய்ந்தது. சமூகங்கள் மூன்று, அவற்றின் மீது பிரயோகிக்கப்பட்ட எழுதப்படாத மாதிரியுரு ஒன்றே.

9. வரைவிலக்கணமும் தரவும்

இறுதியாக, இம்மாதிரியுருக்களின் அடிப்படைக் குறைகள் இரண்டினைச் சுட்டுதல் வேண்டும்.

முதலாவது வரைவிலக்கணம் பற்றியது. இத்துறையின் நூல்கள் பலவற்றிற் பயங்கரவாதம் என்பது அரசு சாராக் குழுக்களின் செயல். அரசு செய்வது ‘எதிர் நடவடிக்கை’. ஆகவே அரசு விளைவிக்கும் அச்சம் ஆய்வு தொடங்குமுன்னரே சொல்லால் விலக்கப்படுகின்றது. நம் மரபு இவ்வாறு கொள்ளவில்லை. திருக்குறளின் பொருட்பாலில், கொடுங்கோன்மை என்னும் அதிகாரத்தை அடுத்து ‘வெருவந்த செய்யாமை’ என ஓர் அதிகாரம் உண்டு. குடிகள் அஞ்சத்தக்கவற்றை அரசன் செய்யலாகாது என்பதே அதன் பொருள். வெருட்டுவோன் அரசனாகவும் இருக்கலாம் எனத் தொடங்கும் ஒரு வரைவிலக்கணத்தின் மீது மாதிரியுரு கட்டப்படின், 1989இன் மாத்தளையில் வெருட்டும் ஆட்டக்காரர் இருவர் உளர்; நடுவே நிற்கும் கிராமவாசியும் ஒரு வெறும் மாறியாகாது, அஞ்சியும் கணித்தும் தெரிந்தும் செயற்படும் ஆட்டக்காரர் ஆவார்.

இரண்டாவது தரவு பற்றியது. றொபேட் பேப் 1980 முதல் 2003 வரையான 315 தற்கொலைத் தாக்குதல்களைத் தொகுத்து 2005இல் வெளியிட்ட நூலில் விடுதலைப் புலிகளின் 76 தாக்குதல்கள் முதன்மை இடம் பெற்றன. தாக்குதல் நிகழ்ந்த சந்தர்ப்பங்களை மாத்திரம் சேர்த்து, நிகழாதவற்றோடு ஒப்பிடாமையால் காரணங்களைப் பற்றிய அவர்தம் முடிவுகள் தருக்கத்தால் நிலைபெறா என ஸ்கொட் அஷ்வேர்த் முதலியோர் 2008இல் மறுத்தனர். மாதிரியுருவாளரே மாதிரியுருவாளரைத் திருத்திய இந்நிகழ்வு இம்முறையின் சிறப்பினைக் காட்டுவது.

ஆயின் தொகுக்கப்படாத தரவினை எவ்வாதமும் மீட்காது. குண்டுவெடிப்பு நாளும் இடமும் உடைய நிகழ்வு, பத்திரிகையில் வரும், அட்டவணையில் ஏறும். காணாமற்போதல் அவ்வாறன்று. மரண விசாரணையின்றி உடல்களை அகற்ற அவசரகால விதிகளே இடமளித்த காலம் அது. 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளாகத்தில் நிலம் தோண்டியபோது 150க்கும் மேற்பட்டோரின் எலும்பு எச்சங்கள் வெளிப்பட்டன. அவை 1980களின் பிற்பகுதிக்குரியன எனத் தொல்லியல் ஆய்வு கருதியது. வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றின் கரிமப் பரிசோதனையை ஏற்ற சனாதிபதி ஆணைக்குழுவோ அவை 1950க்கு முற்பட்டன என்றது. காணாமற்போனோரின் குடும்பத்தவர் அம்முடிவில் நிறைவு கொள்ளவில்லை. அட்டவணையின் எந்த ஆண்டுக் கட்டத்தில் இவ்வெண்ணை இடுவது என்பதே தீராப் பிணக்காக உள்ள மாவட்டத்தில், வன்முறையின் ஏற்ற இறக்கத்தை ஆண்டுவாரியாக வரைந்து அதிற் கொள்கையின் விளைவை அளத்தல் எத்துணைப் பொருந்தும் என்பதை ஆய்வாளர் சிந்தித்தல் வேண்டும்.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் நாம் பெறும் முடிவுகள் மூன்று. முதலாவதாக, கணித மாதிரியுருக்கள் எதிர்கால நிகழ்வுகளை முன்னறிவிப்பன என்ற கூற்று ஏற்கத்தக்கதன்று. அவற்றின் பயன் மறைந்துள்ள எடுகோள்களை வெளிக்கொணர்தலிலேயே உள்ளது. கடுமை மிகின் வன்முறை குறையும் என்ற எழுதப்படாத எடுகோள் ஏட்டில் எழுதப்பட்டிருப்பின், 1979இலேயே அதனை வினவியிருக்கலாம்.

இரண்டாவதாக, மாதிரியுருவின் அறம் அதன் பயன் சார்பிலேயே உறைகின்றது. தவறாகப் பிடிக்கப்பட்டவரையும் காணாமற்போனவரையும் செலவாகக் கொள்ளாத கணக்கு, எத்துணை நுண்ணிதாயினும், அடக்குவோரின் கணக்கே. அவர்களை உள்ளடக்கிய கணக்கோ, கடுமையினும் தகவலின் தூய்மையையும், தடுப்பினும் நீதிமன்றின் மேற்பார்வையையும் வேண்டி நிற்கும். 1848இல் இலண்டனில் எழுந்த கேள்வியைப் போன்ற ஒன்று 1989இல் நாட்டினுள்ளேயே எழுந்திருப்பின் பல உயிர்கள் எஞ்சியிருக்கும் எனக் கொள்ளுதல் மிகையாகாது.

மூன்றாவதாக, இத்துறை நம் நாட்டிற் பயன்தர வேண்டுமாயின் ஊர்வாரியான தரவு வேண்டும். ஆணைக்குழு அறிக்கைகளும் நீதிமன்ற ஏடுகளும் ஒவ்வொரு பிரதேச செயலாளர் பிரிவுக்கும் தனித்தனியே தொகுக்கப்படல் வேண்டும். தமிழும் சிங்களமும் அறிந்த மாணவர் கூடிச் செய்தற்குரிய பணி இது. பல்லேபொலவில் மகனை இழந்த தாயின் முறைப்பாடும், வல்வெட்டித்துறையில் மகனை இழந்த தாயின் முறைப்பாடும் ஒரே அட்டவணையில், ஒரே அளவுகோலால் பதியப்படும்போதே, இலங்கையின் எதிர்ப் பயங்கரவாதக் கொள்கை பற்றிய மெய்யான மாதிரியுரு ஒன்றை நாம் ஆக்கத் தொடங்கலாம்.